கோழிக்கும் சேர்த்து வெட்டிய துணி

எங்கள் வீட்டில் மரம் ஏறுவது மனைவி. தையல் மெஷினில் உட்காருவது நான். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதற்கும் இது தெரியும். தெரியாமல் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் வளவைச் சுற்றி மூன்று பக்கமும் மாடிவீடுகள் எழும்பிவிட்டன. அவள் முருங்கையில் ஏறிக் காய் பறிப்பதையும், நான் பின்கதவடியில் குந்தியிருந்து பொத்தான் தைப்பதையும் ஆட்கள் பால்கனிகளில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்க்கிறார்கள். டிக்கெட் மட்டும்தான் நாங்கள் விற்பதில்லை.

வளவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டின் பின்பக்கம் ஒரு லொறியைத் திருப்ப முடியாத அளவு நிலம். அதற்குள் ஓர் ஈரப்பலா, இரண்டு முருங்கை, கறிவேப்பிலை, மதிலோரம் வாழை, பழைய பெயின்ட் வாளிகளில் வல்லாரையும் பச்சை மிளகாயும், மூலையில் கோழிக்கூடு. எல்லாம் மனைவியின் ராஜ்ஜியம். வீடும் அவளுடைய சீதனம்தான். நான் ஒரு சூட்கேசோடு வந்து இறங்கியவன். மாடிவீடு கட்டுகிறவர்கள் ஒருமுறை வந்து, இந்த வளவைத் தந்தால் ஏழாம் மாடியில் கடல் தெரிகிற வீடு தருகிறோம் என்றார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கடலில வாழை நடலாமா?" அவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

தையல் என்னிடம் வந்தது ஊரடங்குக் காலத்தில். நான் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க். கப்பலில் வரும் சாமான்களின் கடதாசிகளோடு மல்லுக்கட்டுவது என் தொழில். கடதாசியும் இல்லை, மல்லுக்கட்டும் இல்லை என்று வீட்டில் அடைந்து கிடந்தபோது மாமியாரின் மிதிமெஷின் கண்ணில் பட்டது. அதுவரை அது டீவி வைக்கும் மேசை. டீவியை இறக்கி வைத்துவிட்டு மிதித்துப் பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மெஷினை உடைச்சுப் போடாதீங்க. பிறகு டீவியை எங்க வைக்கிறது?"

உற்சாகப்படுத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

முதலில் முகக்கவசம் தைத்தேன். பிறகு தலையணை உறை. பிறகு துணிச்சல் வந்து எனக்கே ஒரு சட்டை. கொலரின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். ஊரடங்கு தளர்ந்து அதைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனபோது மேலதிகாரி என்னை நின்று பார்த்துவிட்டு, "வெளியில காத்து அந்தப் பக்கமா அடிக்குது?" என்று கேட்டார்.

நான் விடவில்லை. மனைவிக்கு முட்டை பொறுக்க ஓர் ஏப்ரன் தைத்தேன். முன்பக்கம் வரிசையாகச் சின்னப் பைகள், பைக்கு ஒரு முட்டை. முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு அவள் வல்லாரை பிடுங்கக் குனிந்தாள். அன்று வீட்டில் எல்லோருக்கும் ஒம்லெட். இரண்டாவது ஏப்ரனில் பைகளுக்கு மூடி வைத்தேன். இன்றுவரை ஒரு முட்டை உடைந்ததில்லை. கேட்காதவர்களுக்கும் இதை நான் சொல்வதுண்டு.

இனி நத்தார், அதாவது கிறிஸ்மஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நத்தாருக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே துணியில் உடுப்பு தைப்பார்கள். ஒரே கட்டிலிருந்து வெட்டி அப்பாவுக்குச் சட்டை, அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஃப்ரொக். கோயிலுக்கு வரிசையாகப் போகும்போது பெரிய ஜன்னல் திரை ஒன்றைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு வசதி. கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை, சொந்தச் சட்டையைக் காட்டினால் போதும். எங்கள் வீட்டில் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை. மெஷின் என் கைக்கு வந்த பிறகு விடுகிற எண்ணமே எனக்கு இல்லை.

போன நத்தாருக்கு முன் மகள் அதை விடப்பார்த்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நத்தார் காலைப் பூசையில் வேதாகமத்திலிருந்து முதலாம் வாசகம் வாசிக்க அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். எங்களுக்குப் பெருமை. அவளுக்குப் பயம். போன தவணை பாடசாலை மேடையில் அவள் வாசித்தபோது கை நடுங்கி, கடதாசி படபடத்த சத்தம் மைக்கில் கேட்டது. பின்வரிசையில் யாரோ, "வெளியில மழை போல" என்று சொல்லி ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

"டாடி, இந்த நத்தாருக்கு நான் கடையில எடுக்கிறேன்."

"ஏன், என்ட தையலுக்கு என்ன?"

"ஒண்டும் இல்ல. டாடி தைச்சா டாடி தைச்ச மாதிரி இருக்கும்."

குசினிக்குள் மனைவி சிரித்தது எனக்குக் கேட்டது.

"நான் எல்லாருக்கும் முன்னால நிக்கப்போறேன்," என்றாள் மகள். "என்ட கிளாஸ் பிள்ளைகள் எல்லாம் வருவாங்க. கை வேற நடுங்கும். அதுக்குள்ள 'வீட்டிலயா தைச்சது'ன்னு ஒருத்தி கேட்டா முடிஞ்சுது. எனக்குக் குரலே வராது."

என்னிடம் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். அன்று அவள் கண்ணைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு அளவுநாடாவைத் தேடி எடுத்தேன்.

"சரி, பந்தயம்," என்றேன். "நான் தைக்கிறேன். பாத்திட்டு 'வீட்டிலயா தைச்சது'ன்னு ஒரே ஒருத்தர் கேட்டாலும் நான் தோத்தன். அதுக்குப் பிறகு நீ விரும்பின கடையில எடு. மெஷினுக்கு மேல திரும்ப டீவியை ஏத்துறேன்."

அவள் யோசித்தாள்.

"பொக்கட் வேணும்."

"ஃப்ரொக்குக்குப் பொக்கட்டா?"

"நடுங்கிற கையை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

புறக்கோட்டையில் வெட்டுத் துணி விற்கும் ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார். மாளிகாவத்தையிலிருந்து வந்து கடை போட்டிருப்பவர். என்னைக் கண்டதும், "இந்த முறையும் ஃபெமிலி பெக்தானே?" என்றார். கரும்பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட துணியைத் தெரிந்தெடுத்தேன். நானா அளந்துவிட்டு வழக்கம்போலக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டினார். "உங்கட தையலுக்குத் தேவைப்படும்," என்றார். என் திறமையை அவரும் கணக்கில் எடுத்திருந்தார்.

அந்த ஃப்ரொக்கை நான் தைத்த மாதிரி அதற்கு முன் எதையும் தைத்ததில்லை. உள்துணி வைத்தேன். ஜிப் இருக்கிற இடம் தெரியாமல் தையலுக்குள் ஒளித்தேன். இடுப்பில் பூவும் பூவும் பொருந்த வேண்டும் என்று மூன்று தரம் பிரித்தேன். ஆனால் உயிரை எடுத்தது பொக்கட்தான். பக்கத் தையலுக்குள் அது மறைந்திருக்க வேண்டும். கை உள்ளே போனால் புடைக்கவும் கூடாது. முதல் பொக்கட்டைத் தைத்து முடித்துக் கையை விட்டுப் பார்த்தேன். விரல்கள் மேலே ஏறி விலா எலும்புப் பக்கம் போயின. பையைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறேன். "நடுங்கிற கைக்கு அது நல்லம்தான், நெஞ்சைப் பிடிச்சுக்கொள்ளலாம்," என்றாள் மனைவி.

இரண்டாவது பொக்கட் சரியாக வந்தது. மகள் அலுமாரிக் கண்ணாடி முன் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். கையை உள்ளே விட்டாள், எடுத்தாள், திரும்ப விட்டாள். கழற்றச் சொன்ன பிறகும் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே நெடுநேரம் நடந்து திரிந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளையிடமிருந்து இதற்கு மேல் சான்றிதழ் யாருக்கும் கிடைக்காது. எனக்கும் மனைவிக்குமான உடுப்புகளையும் தைத்து முடித்து மடித்து வைத்தேன். என் சட்டையின் கொலர் இரண்டு பக்கமும் சமம். எவரும் அளந்து பார்க்கலாம்.

இந்த இடத்தில் சேவல் வருகிறது.

மனைவியின் தம்பி ஹெந்தளையில் இருக்கிறான். வேலை பேலியகொடை மீன் சந்தையில். அக்காவுக்குக் குஞ்சு வேண்டும் என்று ஒரு சேவலைக் கொண்டுவந்து விட்டிருந்தான். சேவலுக்குத் தன் கடமையில் அளவுக்கு மிஞ்சிய பற்று. ஏறி ஏறிப் பேட்டுக் கோழிகளின் முதுகில் இறகு போய்விட்டது. நத்தாருக்கு முந்திய நாட்களில் ஒன்றின் முதுகில் தோல் கிழிந்து இரத்தமே தெரிந்தது. மனைவி மஞ்சள் பூசினாள், திரும்பிச் சேவலைப் பார்த்தாள்.

"நத்தாருக்கு இவன் சட்டிக்குள்ளதான்."

"பொறு அக்கா," என்றான் தம்பி. "ஃபோன்ல பாத்தனான். வெளிநாட்டில கோழி முதுகுக்கு ஜெக்கட் போடுறாங்க. ஏறினாலும் நகம் படாது. அத்தான் சும்மாதானே இருக்கிறார்."

'சும்மா'வை நான் கேட்காத மாதிரி இருந்தேன். ஏனென்றால் மனைவி என்னைப் பார்த்த பார்வை அப்படி. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் வளவில் எனக்கு ஒரு வேலை இருந்ததில்லை. மண்வெட்டியைத் தொட்டால்கூட, "வைச்சிட்டுப் போங்க, காலை வெட்டிக்கொள்ளுவீங்க," என்பாள். இப்போது முதல்முறையாக அவளுடைய ராஜ்ஜியத்துக்கு என் கத்தரி தேவைப்பட்டது.

அவள் கோழியைப் பிடித்துக்கொண்டாள். நான் அளவுநாடாவை எடுத்தேன். கழுத்து, முதுகு, செட்டை இடைவெளி. மேலே பால்கனிகள் நிறைந்துவிட்டன.

"அங்கிள், இடுப்பு எவ்வளவு?"

"நத்தார் கேக் சாப்பிட முந்தியா, பிந்தியா?" என்று திருப்பிக் கேட்டேன்.

துணிதான் பிரச்சினை. சிவப்புத் துண்டு இருந்தது. ஆனால் சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். வெள்ளை ஒரு நாளில் மண்ணாகிவிடும். மீதியெல்லாம் மெல்லிசு. மெஷினின் பக்கத்தில் நானாவின் தாராளத்தில் மிஞ்சிய கரும்பச்சைத் துணி இருந்தது. இரண்டாக மடித்தால் நல்ல தடிப்பு. நத்தாருக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே துணிதானே, கோழியும் வீட்டில்தானே இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு பகிடி சொல்லி, நானே சிரித்து, வெட்டிவிட்டேன். என் பகிடிகளில் ஆபத்தானவை எல்லாம் இப்படித் தனியாகச் சிரித்தவைதான்.

ஜெக்கட்டை மாட்டியதும் கோழிகள் பின்பக்கமாக நடந்தன. கொஞ்ச நேரத்தில் பழகி, புது உடுப்புக்காரர்களின் மிடுக்கோடு உலாவின. சேவல் வந்தது, ஏறிப் பார்த்தது, நகம் வழுக்கி இறங்கியது. தன் வீட்டு வாசலில் பொலிஸ்காரன் நிற்பதைக் கண்டவன் மாதிரி ஒதுங்கி நின்றது. மனைவி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் வாழை மரத்தைத் தட்டுவது மாதிரித்தான். ஆனால் அவள் தட்டுவது நன்றாக வளர்ந்த வாழையைத்தான்.

வாசகப் பயிற்சி முடிந்து வந்த மகள் கூட்டின் முன் நின்றுவிட்டாள்.

"டாடி."

"கூட்டுப் பக்கம்தானே நிக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"வெளியில வராதா? சத்தியமா?"

"சத்தியமா."

நத்தார் காலை. மூவரும் கரும்பச்சையில் புறப்பட்டோம். பூசை முடிந்ததும் நேரே ஹெந்தளைக்குப் போவதாக இருந்ததால் மனைவி ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொக்கிஸ் பலகாரம் எடுத்துக்கொண்டாள். அவள் தினமும் காலையில் கோழிக்குத் தீனி போடுவதும் அதே மாதிரி ஒரு டின்னைக் குலுக்கித்தான். பக்கக் கேற்றைக் கொளுவிப் பூட்டுவது என் பொறுப்பு. அந்த நேரத்தில் நான் ஜன்னல் கண்ணாடியில் என் கொலரின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒழுங்கையில் பாதி தூரம் போயிருப்போம். மனைவி நடக்க, டின்னுக்குள் கொக்கிஸ் கடகடவென்றது. பால்கனிகளில் ஆரவாரம். என் கொலரைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்தி ஆட்டினேன்.

"அங்கிள், சேவலுக்கு மட்டும் ஏன் வெறும் மேல்?"

திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், டின் சத்தத்தின் பின்னால், பேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கரும்பச்சை, வெள்ளைப் பூ. கடைசியில் சேவல், உடுப்பில்லாமல், கூச்சப்படாமல். ஒழுங்கை முனையில் எங்களுக்காக நின்ற திரீவீல்கார அய்யா தலையை வெளியே நீட்டி, "ஒக்கொம எக ரெத்தென்த?" என்றார். எல்லாம் ஒரே துணியிலா என்று சிங்களத்தில் கேட்கிறார். கேட்கத்தான் வேண்டுமா!

பிறகு மூன்றாம் மாடி ஆன்ட்டி குனிந்து, மிகுந்த அன்போடு, ஒழுங்கை முழுவதும் கேட்கும்படி கேட்டார்: "மகள், உடுப்பு நல்ல வடிவா இருக்கு! வீட்டிலயா தைச்சது?"

முடிந்தது. பந்தயம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மகளின் முகம் சிவந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அத்தனை பேருக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். அவளுடைய குரலை என் கையாலேயே வெட்டி நான் கோழிக்குப் போட்டுவிட்டேன். "ஓடிப் போய் மாத்திட்டு வா மகள், போன வருசத்துது அலுமாரிக்குள்ள இருக்கு," என்றேன் மெதுவாக.

அவள் என்னைப் பார்த்தாள். கோழிகளைப் பார்த்தாள். முதலில் வந்த கோழி அவள் ஃப்ரொக்கின் ஓரத்திலிருந்த வெள்ளைப் பூவைத் தீனி என்று நினைத்துக் கொத்தியது. மகளின் வலக்கை பொக்கட்டுக்குள் போவதைக் கண்டேன். பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள்.

"ஓம் ஆன்ட்டி! எங்கட டாடி தைச்சது. கோழிக்கு அளவெடுக்கிறதுதான் கஷ்டம். ஆன்ட்டி எண்டா ஈசி, ஆடாம நிப்பீங்கதானே?"

பால்கனிகள் அதிர்ந்தன. அதிகம் சிரித்தது மூன்றாம் மாடி ஆன்ட்டிதான். அது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய பகிடி. அளவெடுத்துத் தைத்த மாதிரி அவள் வாய்க்குப் பொருந்தியிருந்தது. நான் ஒழுங்கை நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"நிண்டது போதும், நடங்க," என்றாள் மனைவி. டின்னைக் குலுக்கிக்கொண்டு திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். கோழிகளும் அதே ஒழுங்கில் திரும்பின. பூசை தொடங்கும்போது அவள் மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். கேற்றைத் தானே கொளுவிவிட்டதாகக் காதுக்குள் சொன்னாள். 'தானே' என்பதை அழுத்திச் சொன்னாள்.

மகள் எழுந்து வாசக மேடைக்குப் போனாள். என் கண் அவளுடைய முதுகில். ஜிப் தெரிகிறதா? இல்லை. இடுப்பில் பூவோடு பூ பொருந்துகிறதா? பொருந்துகிறது. ஃப்ரொக்கின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. அது என் தையலில் சேராது. அவள் திரும்பி நின்றாள், வலக்கையைப் பொக்கட்டுக்குள் விட்டாள், வாசிக்கத் தொடங்கினாள். மைக்கில் மழை பெய்யவில்லை. குரல் கடைசி வாங்கில் இருந்தவர்கள்வரை போனது. எங்களுக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை நிறுத்தினார். பக்கம் திருப்ப அவள் பொக்கட்டிலிருந்து கையை எடுத்தாள். திருப்பினாள். கையைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. வாசகம் முடியும்வரை அது புத்தகத்தின் மேலேயே அசையாமல் கிடந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அந்தப் பொக்கட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனைவி என் தொடையில் கிள்ளி, "கண்ணைத் துடையுங்க, ஆக்கள் பாக்கிறாங்க," என்றாள். தன் கண்ணை அவள் துடைத்துக்கொண்டது என் சட்டைக் கையில்தான். துணி ஒன்றுதானே, யாருக்கும் தெரியாது.

பூசை முடிந்து முற்றத்தில் அவளுடைய கிளாஸ் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வாசகத்தைப் பற்றி ஒருத்தியும் கதைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் பொக்கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். எந்தக் கடை என்று ஒருத்தி கேட்க, மகள் நாடியை நீட்டி என்னைக் காட்டினாள். அத்தனை கண்களும் திரும்பின. நான் துறைமுகத்துக் கப்பல் ஒன்றுக்குச் சொந்தக்காரன் மாதிரி நின்றேன்.

திரீவீலில் போகும்போது கேட்டேன்: "பந்தயம் நான் தோத்தன். இனி கடையிலதானே?"

"பந்தயத்தில கோழியைப் பத்திக் கதைக்கவேயில்லையே," என்றாள் வெளியே பார்த்துக்கொண்டு. "கோழி வராட்டி ஆன்ட்டி கேட்டிருக்க மாட்டா. செல்லாது."

இந்த வருடம் புறக்கோட்டைக்கு அவளும் வந்தாள். வந்தவள் என்னை ஒரு ஸ்டூலில் இருத்திவிட்டுக் கட்டுக்கட்டாகத் துணியைப் புரட்டினாள். நானா ஒரு நல்ல சிவப்பை விரித்துக் காட்டினார்.

"நத்தாருக்கு இது எடுப்பா இரிக்கும் மகள்."

"வடிவுதான் நானா. ஆனா சிவப்பு வேணாம், கொத்தும்."

"என்னது கொத்தும்?"

அவள் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்றை இழுத்தெடுத்தாள். இரண்டு விரலால் பிடித்துத் தடிப்புப் பார்த்தாள். நான் பார்ப்பது மாதிரியே.

"மூணு பேருக்கும் வெட்டுங்க. பிறகு அரை மீட்டர் கூடப் போடுங்க நானா. போன முறை சேவலுக்கு மட்டும் ஒண்டும் இல்லாமப் போச்சு."

நானா கத்தரியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கொலரைச் சரிசெய்துகொண்டேன்.